செத்தது பற்றரி, கொம்பியூட்டர் இல்லை

"உது செத்துப்போச்சு தம்பி. மதர்போர்டும் போயிட்டுது, ஹார்ட் டிஸ்க்கும் போயிட்டுது. இரும்புக்காரன் வந்தால் குடுத்துவிடுங்கோ."

போன வருசம் கொம்பியூட்டர் திருத்துகிற ஒரு கடையில் கிடைத்த தீர்ப்பு இது. சொல்ல இரண்டு நிமிசம்கூட எடுக்கவில்லை. கடைக்கார அண்ணை பிளக்கைப் போட்டார், திரையில் வந்த மூன்று வரியை வாசித்தார், பிளக்கைக் கழற்றினார். மூடியைத் திறந்து உள்ளே பார்க்கவில்லை. நானும் "ஓம் அண்ணை" எண்டு தலையாட்டிக்கொண்டுதான் நின்றேன். ஆகவே இந்தக் கட்டுரையில் குற்றவாளிக் கூண்டில் அவர் தனியே நிற்கவில்லை, பக்கத்தில் நானும் நிற்கிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் நிற்கவேண்டிய பெரிய ஆக்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் பெட்டி எங்கட ஊரில் கணிதம் படிப்பித்த ஒரு சேருடையது. 486. கொழும்பில் இருந்த காலத்தில் செக்கன்ட் ஹான்டாக வாங்கி, 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஊருக்குக் கொண்டுவந்தார். ஊரில் இருந்த வயதுபோன அண்ணாவியாரிடம் பின்னேரங்களில் போய் இருந்து, அவர் பாடப் பாடக் கேட்டு எழுதிய கூத்துப் பாட்டுகளை அதிலேதான் பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார். அண்ணாவியார் இப்போது இல்லை. சேர் எழுதின கொப்பிகளைக் கறையான் தின்றுவிட்டது. சேரும் காலமாகிவிட்டார். மிச்சம் இருந்தது, அலுமாரிக்குப் பக்கத்தில் துணி மூடிக் கிடந்த அந்தப் பெட்டி மட்டும்தான். "அதுக்குள்ள ஏதும் இருக்குமோ தம்பி, பாத்துச் சொல்லுங்கோவன்" எண்டு அன்ரி கேட்டதால்தான் கடைக்கே கொண்டுபோனேன்.

கடைக்கார அண்ணை சொன்னது பிழை. மதர்போர்ட் சாகவில்லை, ஹார்ட் டிஸ்க்கும் சாகவில்லை. செத்தது போர்டின் ஒரு மூலையில் ஒட்டியிருந்த, பெருவிரல் நுனியளவான ஒரு பற்றரி. ஒரு பெட்டிக்குள் ஆயிரம் உறுப்புகள் இருக்க, அவற்றில் ஆக மலிவான ஒன்று செத்ததும் எல்லாம் செத்தமாதிரித் தோன்றுகிறது எண்டால், அது தற்செயலாக நடக்கிற ஒன்றில்லை. யாரோ, எங்கேயோ, ஒரு மேசையில் இருந்து எடுத்த முடிவு அது. என்ர கோபம் அந்த முடிவின் மேலே. அதைவிட, அந்த முடிவை நாங்கள் கேள்வி கேட்காமல் "போச்சு" எண்ட ஒரு சொல்லால் ஏற்றுக்கொள்கிறதின் மேலே.

இந்தப் பற்றரிக்கு அங்கே என்ன வேலை?

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இப்படி ஒரு பற்றரியே இல்லை. ஒவ்வொரு முறை டொஸ் தொடங்கும்போதும் இன்றைக்கு என்ன திகதி, இப்ப என்ன நேரம் எண்டு அது உங்களைக் கேட்கும். பெட்டிக்குள் என்னென்ன பூட்டியிருக்கிறது என்பதைப் போர்டில் இருந்த குட்டிக் குட்டி சுவிட்சுகளைத் தட்டிச் சொல்லவேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் மறக்கிறதுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

1984இல் பிசி ஏடி வந்தது. அதில் மோட்டோரோலாவின் எம்சி146818 எண்ட சிப்பைப் போட்டார்கள். சிப்புக்குள் ஒரு மணிக்கூடும் 64 பைட் நினைவகமும். அதில் 14 பைட் மணிக்கூட்டுக்கு, மிச்சம் 50 பைட் பெட்டியின் அமைப்பு விபரங்களுக்கு. பக்கத்தில் செக்கனுக்கு 32,768 தரம் துடிக்கிற குவார்ட்ஸ் பளிங்கு. அந்த எண்ணை இரண்டால் பதினைந்து தரம் வகுத்துப் பாருங்கள், சரியாக ஒன்று வரும். அதுதான் ஒரு செக்கன். பெட்டி நிற்பாட்டியிருக்கும்போதும் இந்தத் துடிப்பு நிற்கக்கூடாது, அந்த 50 பைட்டும் அழியக்கூடாது. அதற்குத்தான் பற்றரி.

நேரம் பிழைத்தால் பெரிய நட்டமில்லை. ஆனால் அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு குணம் இருந்தது. அதில் எத்தனை சிலிண்டர், எத்தனை ஹெட், ஒரு தடத்தில் எத்தனை செக்டர் எண்ட மூன்று எண்களையும் நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும். தானாகக் கண்டுபிடிக்கிற வழக்கம் பிறகுதான் பரவியது. பற்றரி செத்தால் அந்த மூன்று எண்ணும் அழிந்துபோகும். டிஸ்க் சுகமாகச் சுத்திக்கொண்டிருக்கும், உள்ளே எழுதினதெல்லாம் எழுதினபடி இருக்கும், ஆனால் பெட்டிக்கு அப்படி ஒரு டிஸ்க் இருக்கிறதே தெரியாது. திரையில் "சீ டிரைவ் ஃபெயிலியர்" எண்டு வரும். கடைக்கார அண்ணை வாசித்த மூன்று வரியில் ஒன்று அதுதான். மற்ற இரண்டு, சீமோஸ் செக்சம் பிழை, கீபோர்ட் பிழை.

மூன்றுமே ஒரே நோயின் அறிகுறிகள் எண்டு தெரியாவிட்டால், மூன்று உறுப்பும் செத்துப்போச்சு எண்டுதான் நினைக்கத் தோன்றும்.

மூடியைத் திறந்த பிறகு

எங்கட கூட்டத்தில் சோல்டர் பிடிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். இரண்டு பேருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தோம். திறந்ததுமே விசயம் விளங்கிவிட்டது. பற்றரியைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பொருக்கு. கீபோர்ட் செருகுகிற இடம்வரை அது பரவியிருந்தது.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த எத்தனையோ 386, 486 போர்டுகளில் இப்படி ஒரு நிக்கல் கட்மியம் பற்றரியைச் சோல்டர் பண்ணி விட்டிருந்தார்கள். 1.2 வோல்ட் செல் மூன்று, மொத்தம் 3.6 வோல்ட். வயதுபோனால் ஒழுகும். ஒழுகுகிறது பொட்டாசியம் ஹைட்ரொக்சைட், கடுமையான காரம். போர்டில் இருக்கிற செப்புக் கோடுகளை அது மெல்ல மெல்லத் தின்னும். பெட்டியைப் பாவிக்காமல் மூடி வைத்திருந்தாலும் தின்னும். சேரின் கொப்பியைக் கறையான் தின்றமாதிரி.

முதலில் பற்றரியை வெட்டி எடுத்தோம். கையுறை போட்டுக்கொண்டுதான். காரத்தை முறிக்க வினாகிரியைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தோம், பிறகு சுத்தத் தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் அல்ககோல். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டோம். மல்டிமீற்றரை வைத்துக் கோடு கோடாகப் பார்த்தபோது கீபோர்டுக்குப் போகிற ஒரு கோடு அறுந்திருந்தது. மயிர் மாதிரி ஒரு வயரை எடுத்து அதற்கு மேலால் பாலம் போட்டாள். பிளக்கைப் போட்டோம். கீபோர்ட் வேலைசெய்தது. திகதி 1980 ஜனவரி 1 எண்டு காட்டியது.

டிஸ்க் இன்னும் வரவில்லை. மூன்று எண்களும் வேண்டும். வழமையாக அவை டிஸ்க்கின் மேலேயே அச்சடித்திருக்கும், எங்கட டிஸ்க்கில் அந்த எழுத்து மங்கிப்போயிருந்தது. கழற்றி இன்றைய லப்டொப்பில் யூஎஸ்பி வயரால் கொழுவிப் பார்க்கலாமே எண்டு நீங்கள் கேட்கலாம். கொழுவினோம். அவ்வளவு பழைய டிஸ்க்குக்கு எல்பிஏ எண்ட முகவரி முறை தெரியாது, இன்றைய யூஎஸ்பி இணைப்பிகளில் கனக்கவற்றுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இந்தப் பழைய பெட்டி இல்லாமல் அந்த டிஸ்க்கோடு பேசவே ஏலாது.

அப்பதான் அவள் கழற்றி வைத்த மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கத்தில் பசைநாடாவால் ஒட்டின ஒரு கொப்பித் துண்டு. சேரின் கையெழுத்து. 1001, 15, 17.

பெருக்கிப் பாருங்கள்: 1001 சிலிண்டர், 15 ஹெட், 17 செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட். கிட்டத்தட்ட 130 மெகாபைட். இன்றைக்கு ஃபோனில் ஒரு சின்ன வீடியோ பிடிக்கிற அளவு. அந்த எண்களை 47ஆம் வகை எண்ட இடத்தில் அடித்தோம். டிஸ்க் எழும்பியது. 41 கோப்புகள், அண்ணாவியாரின் பாட்டுகள், தரு தருவாக.

யாருடைய மேசையில் எடுத்த முடிவு?

"அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் அப்படி, என்ன செய்யிறது" எண்டு சொல்கிற ஆக்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 1984இல் வந்த முதல் மெக்கின்ரொஷைப் பாருங்கள். அதன் முதுகில் ஒரு சின்னக் கதவு. கையால் திறந்து 4.5 வோல்ட் பற்றரியை நீங்களே மாற்றலாம். பெட்டியைத் திறக்கத் தேவையே இல்லை. மூன்று வருசம் கழித்து, 1987இல், அதே கொம்பனியின் மெக்கின்ரொஷ் 2 வருகிறது. உள்ளே இரண்டு லித்தியம் பற்றரிகள், இரண்டும் போர்டில் சோல்டர் பண்ணினவை. அவை செத்தால் நேரம் பிழைக்கிறது மட்டுமில்லை, பெட்டியை ஒன் பண்ணவே ஏலாது. கதவு செய்யத் தெரியாத ஆக்கள் இல்லை இவர்கள். தெரிந்து, செய்து, பிறகு விட்டவர்கள்.

அடுத்தது டல்லாஸ் டிஎஸ்1287. மணிக்கூடு, பளிங்கு, லித்தியம் பற்றரி மூன்றையும் ஒரே சிப்பில் போட்டு எபொக்சிப் பசையால் மூடிவிட்டார்கள். மின்சாரம் இல்லாமலே பத்து வருசத்துக்கு மேல் ஓடும் எண்டு பெருமையாகச் சொன்னார்கள். பத்து வருசம் முடிந்த பிறகு? பசையைக் குடைந்து 16ஆம், 20ஆம் கால்களைத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கிற செத்த பற்றரியை வெட்டிவிட்டு, வெளியால் புதுப் பற்றரி கொழுவுகிற ஆக்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஒரு மணிக்கூட்டுக்குப் பற்றரி மாற்றப் பல்லு வைத்தியர் மாதிரிக் குடைய வேண்டியிருக்கிறது.

இவை அக்கறையின்மை எண்டு விட்டாலும், கப்கொம்மின் சிபிஎஸ்-2 விளையாட்டுப் போர்டுகளை அப்படி விட ஏலாது. 1993இல் வந்தவை. விளையாட்டின் நிரலைப் பூட்டுப்போட்டு, அதன் திறப்பைப் பற்றரியில் ஓடுகிற நினைவகத்தில் வைத்தார்கள். பற்றரி செத்தால் திறப்பு அழியும், விளையாட்டும் சாகும். கள்ளப் பிரதி எடுக்கிறதைத் தடுக்கவாம். காசு குடுத்து வாங்கினவனின் போர்டும் சேர்ந்து செத்தது. ரசிகர்கள் இந்தப் பற்றரிக்குத் "தற்கொலைப் பற்றரி" எண்டு பேர் வைத்தார்கள். பிறகு அந்தப் பூட்டை உடைத்து அந்த விளையாட்டுகளைக் காப்பாற்றினதும் அதே ரசிகர்கள்தான்.

இதெல்லாம் பழங்கதை எண்டு நினைத்தால், 2021 ஞாபகம் இருக்கா? பிளேஸ்டேஷன் 4இன் உள்ளே இருக்கிற சின்னப் பற்றரி செத்து, இணைய இணைப்பும் கிடைக்காவிட்டால், டிஸ்க்கில் வாங்கின விளையாட்டுக்கூட ஓடாது எண்டு அந்த வருசம்தான் வெளியில் வந்தது. வெல்கிற கிண்ணங்களுக்குச் சரியான நேரம் போடவேண்டும் எண்டதுக்காக. விளையாடுகிற ஆக்கள் சத்தம்போட்ட பிறகு, 2021 செப்டெம்பரில் வந்த 9.00 மென்பொருளோடு அது திருத்தப்பட்டது. ஒரு வரி நிரலால் திருந்தக்கூடிய விசயமோ என்னவோ, சத்தம்போடாமல் அது திருந்தவில்லை.

எதிர்வாதம்

நியாயமான எதிர்வாதமும் இருக்கிறது. சொக்கெற் போட்டால் காசு கூட. அதன் தகடு கறள்பிடிக்கும், அதிர்வில் தொடர்பு விடும். சோல்டர் பண்ணினால் உறுதி. அலுவலகத்துக் கொம்பியூட்டரை ஐந்தாறு வருசத்தில் மாற்றிவிடுவார்கள், அதற்குள் பற்றரி சாகாது. பொறியியலாளர் ஒருவர் இப்படிச் சொன்னால் பொய் எண்டு சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த ஐந்தாறு வருசம் யாருடைய வருசம்? முதல் சொந்தக்காரருடையது. புதுப் பெட்டி வாங்கி, அலுத்ததும் மாற்றுகிற வசதி இருக்கிறவருடையது. அந்தக் கணக்கில் இரண்டாவது சொந்தக்காரர் இல்லவே இல்லை. எங்கட வீடுகளுக்குக் கொம்பியூட்டர் எப்படி வந்தது எண்டு யோசித்துப் பாருங்கள். செக்கன்ட் ஹான்டாக, வெளிநாட்டு மாமா அனுப்பி, அலுவலகம் கழித்துவிட்டு. நாங்கள் கனபேர் இரண்டாவது, மூன்றாவது சொந்தக்காரர்கள். பற்றரி சாகிற நேரத்தில் பெட்டி யாருடைய கையில் இருக்குமோ, அவர்களை யோசிக்காமல் வரைந்த வரைபடம் அது. சொக்கெற்றில் மிச்சம்பிடித்த சில்லறை முதல் ஆளுக்கு இலாபம், கடன் எங்கட தலையில்.

மாற்று வழி அப்பவே தெரிந்திருந்தது எண்டதுக்கு அத்தாட்சி சேரின் போர்டிலேயே இருந்தது. வெளிப் பற்றரி கொழுவுகிறதுக்கு நாலு ஊசி, அதற்குப் பக்கத்தில் ஒரு ஜம்பர். அந்த ஊசியைப் போட்டவருக்கு, ஒழுகுகிற சாமானைப் போர்டுக்கு வெளியே வைக்கலாம் எண்டு தெரியும். பிறகு வந்த மேசைக் கொம்பியூட்டர்களில் பெரும்பாலும் 20 மில்லிமீற்றர் அகலமும் 3.2 மில்லிமீற்றர் தடிப்புமான சிஆர்2032 பற்றரி, நகத்தால் நெம்பி எடுக்கக்கூடிய சொக்கெற்றில் இருக்கும். உலகம் இடிந்துவிழவில்லை. ஒரு பிளேன்ரீயும் வடையும் சாப்பிடுகிற காசில் மாற்றிவிடலாம்.

இப்ப உங்கட ஃபோனை எடுத்துப் பாருங்கள். பசைபோட்டு ஒட்டின பற்றரி. பழைய பிழைக்குப் புது உடுப்பு. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு பற்றரிச் சட்டம் கொண்டுவந்தது. 2027 பெப்ரவரி 18இல் இருந்து அங்கே விற்கிற கருவிகளின் சிறிய பற்றரிகளைப் பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கவேண்டும் எண்டு அது பொதுவாகச் சொல்கிறது. நாற்பது வருசத்துக்கு முதல் ஒரு மெக்கின்ரொஷின் முதுகில் இருந்த கதவை மீட்க ஒரு கண்டமே சட்டம் போடவேண்டியிருக்கிறது.

எங்கட பங்கு

கொம்பனிகளைத் திட்டுகிறது சுகம். எங்கட பக்கமும் இருக்கிறது.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி கொண்டுவரத் தடை. ரோச் லைட்டுக்குப் போடுகிற சாதாரண பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்ட ஆக்களின் பிள்ளைகள் நாங்கள். பற்றரியே இல்லாமல் றேடியோவை உயிரோடு வைத்திருந்த வீட்டில் இருந்து வந்து, பற்றரி செத்ததால் கொம்பியூட்டரை இரும்புக்காரனுக்குக் குடுக்கிறோம். வறுமையைப் புகழ்கிறேன் எண்டு எடுக்காதேங்கோ, அந்தக் காலம் திரும்பி வரவேண்டாம். ஆனால் "திறந்து பாப்பம்" எண்ட குணம் தடையோடு சேர்ந்து போகவேண்டிய ஒன்றில்லையே?

பழைய கொம்பியூட்டர் சேர்க்கிற பொழுதுபோக்கு ஆக்களுக்கும் ஒன்று. "ஒரிஜினல் பற்றரி, கழற்றினால் மதிப்புக் குறையும்" எண்டு உள்ளேயே விட்டுவைக்கிறது பேணுகிற வேலை இல்லை. கொமடோர் அமிகா 2000ஐ அப்படி விட்டால், பற்றரிக்குப் பக்கத்தில் இருக்கிற புரொசசர்வரைக்கும் காரம் போய்ச் சேரும். கண்ணாடிக்குள் வைத்திருக்கிறது கொம்பியூட்டரை இல்லை, அதைத் தின்கிறதை.

ஆகவே, வீட்டில் பழைய பெட்டி இருக்கிற ஆக்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கோ, பிறகு மூடியைத் திறவுங்கோ. திரையும் பெட்டியும் ஒன்றாக இருக்கிற பழைய மெக் மாதிரி எண்டால் தெரிந்த ஆளில்லாமல் திறக்காதேங்கோ, அந்தத் திரைக்குள் உயிரைக் குடிக்கிற அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கும். பற்றரியில் பொருக்கு இருந்தால் ஒன் பண்ணாமல் கழற்றிச் சுத்தம் பண்ணுங்கோ. சொக்கெற்றில் இருக்கிற சிஆர்2032 எண்டால் மல்டிமீற்றரால் பாருங்கோ, 3 வோல்டுக்குக் கிட்ட இருக்கவேண்டும், நல்லாய்க் குறைந்திருந்தால் மாற்றுங்கோ. நிக்கல் கட்மியம் இருந்த இடத்தில் லித்தியம் பற்றரியை நேரே வைக்காதேங்கோ. போர்ட் அதைச் சார்ஜ் பண்ணப் பார்க்கும், அது ஆபத்து. தடுக்க ஒரு டயோட் வேண்டும், இல்லாட்டி வெளிப் பற்றரி ஊசியைப் பாவியுங்கோ. நாங்கள் மூன்று ஏஏ பற்றரி போடுகிற ஒரு பெட்டியை வயரில் கொழுவிப் போர்டுக்கு வெளியே விட்டிருக்கிறோம். இனி ஒழுகினாலும் போர்டில் ஒழுகாது. கழற்றின பழைய பற்றரியைக் குப்பையில் எறியாதேங்கோ, கட்மியம் நஞ்சு. கடைசியாக, உங்கட பெட்டியின் எண்களை ஒரு பேப்பரில் எழுதி உள்ளே ஒட்டுங்கோ. உங்களுக்குப் பிறகு திறக்கிற ஆளுக்கு அது தேவைப்படும்.

சேரின் 41 கோப்புகளையும் பிளொப்பியில் ஏற்றி எடுத்து, இப்ப யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அதில் கனக்கக் கோப்புகளின் திகதி 1980 ஜனவரி 1. அவர் இருக்கும்போதே பற்றரி செத்துவிட்டது எண்டு அதில் இருந்துதான் தெரிந்தது. ஒவ்வொரு முறை ஒன் பண்ணும்போதும் மூடியில் ஒட்டின அந்த மூன்று எண்களையும் அடித்து அடித்துத்தான் வேலை செய்திருக்கிறார். மணிக்கூட்டை நம்ப ஏலாது எண்டபடியால், ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் அன்றைய உண்மையான திகதியைத் தன் கையால் தட்டி வைத்திருக்கிறார்.

பெட்டி மறந்ததை அவர் எழுதி வைத்தார். நாங்கள் இரண்டு நிமிசத்தில் "போச்சு" எண்டோம். அடுத்தமுறை இரும்புக்காரன் படலையில் வந்து கூப்பிட்டால், கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ. முதலில் மூடியைத் திறந்து பாருங்கோ.